ஏழாம் நம்பர் பாட்டிலில் இருந்தது தென்னை உரம்

பல்கலைக்கழகப் பிராக்டிகல் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு மதியம், வேதியியல் துறைத் தலைவரான நான் எங்கள் ஆய்வகத்துக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி மறைவில் ஒளிந்து நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என் மகள் நித்யா தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளை தேர்வு எழுதும் ஆய்வகத்தில் அப்பன் இருக்கக் கூடாது என்பது விதி. தேர்வாளர் வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன். வெளியே ஒளிந்து நிற்கக் கூடாது என்று விதியில் இல்லை.

தமிழ் பேசும் எல்லைக் கிராமமான எருத்தேன்பதியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற தூரம் என்பதால் அவள் எங்கள் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டாள். மூன்று வருடமும் வகுப்பில் அவளைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டதில்லை. பதில் சொல்லிவிட்டால் வீட்டில் சொல்லிக் கொடுத்தது என்பார்கள். சொல்லாவிட்டால் வீட்டிலும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பார்கள். எம்.எஸ்சி.யில் இடம் கிடைக்குமா என்பது இந்தப் பிராக்டிகல் மதிப்பெண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முந்தின வாரத்திலிருந்தே சாப்பாடு இறங்கவில்லை. அவள் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டாள்.

1. பாட்டில் நிரப்பியது

இளம் ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். சால்ட் அனாலிசிஸ் தேர்வில் உப்புகளைப் பெயர் எழுதாத, எண் மட்டும் ஒட்டிய பாட்டில்களில் வைப்போம். எந்த எண்ணில் எந்த உப்பு என்ற பட்டியல் உறையிலிட்டு, வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டெர்னலிடம் போகும். அதற்குக் 'கீ' என்று பெயர். மாணவர்கள் சீட்டு எடுப்பார்கள். வந்த எண்ணில் உள்ள உப்பு என்னவென்று சோதனை செய்து கண்டுபிடிக்க வேண்டும். யாருக்கு எது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பாட்டில் நிரப்புவதை மட்டும் வழக்கம்போல நானே செய்தேன்.

ஏழாம் நம்பருக்கு மக்னீசியம் சல்ஃபேட் என்று முடிவாகியிருந்தது. அலமாரியைத் திறந்தால் பாட்டில் காலி. வாங்குவதற்கான ஃபைல் ஆபீஸில் மூன்று கொட்டேஷனுக்காகக் காத்திருந்தது. தேர்வுக்கு ஒரு நாள்தான் பாக்கி.

எங்களுக்குத் தென்னந்தோப்பு உண்டு. ஓலை மஞ்சளித்தால் மக்னீசியம் சல்ஃபேட் போடுவோம். தேர்வன்று காலையில் தோப்பிலிருக்கும் கொட்டகையான சாளைக்குப் போனேன். மக்னீசியம் சல்ஃபேட் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த சாக்கு இருந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று படிகம். டிபன் பாக்ஸில் இரண்டு கை அள்ளி வந்து, நல்லதாகப் பொறுக்கி ஏழாம் நம்பர் பாட்டிலில் போட்டேன். பாட்டிலைத் துடைத்துக்கூட வைத்தேன். உப்பை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை.

2. காலை பேட்ச்

காலை பேட்ச்சில் ஏழாம் நம்பர் ஒரு மாணவனுக்கு வந்தது. மக்னீசியம் சல்ஃபேட் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போனான். லேப் அட்டெண்டர் குட்டப்பன் வந்து சொன்னபோது எனக்கு நிம்மதி. என் தென்னை உரம் பல்கலைக்கழகத் தரத்தில் பாஸாகிவிட்டது.

3. தண்ணீர்த் தொட்டி ஓரம்

மதியம் குட்டப்பன் ஓடி வந்தார். அவர் ஒத்தப்பாலம் பக்கத்து மலையாளி. எங்களோடு பழகித் தமிழும் அவர் பாட்டுக்கு வரும். நித்யாவை 'மோள்', அதாவது மகள் என்பார்.

"சாரே, மோளுக்கும் ஏழாம் நம்பர்தான்!"

சந்தோஷப்பட்டேன். அரை மணி நேரத்தில் மறுபடி வந்தார். முகம் சரியில்லை.

"சாரே, குழப்பமாச்சு. மோள் ஜிங்க் சல்ஃபேட்டுன்னு எழுதிக் கொடுத்தாச்சு. எக்ஸ்டெர்னல் டீச்சர் தப்புன்னு சொல்லி, திரும்பச் செய்யச் சொன்னாங்க. திரும்பச் செஞ்சும் ஜிங்க்னுதான் சொல்லுது. சமரம், ஸ்டிரைக் பண்ற மாதிரி நிக்குது."

"டீச்சர் என்ன சொல்றாங்க?"

"இன்னொரு சான்ஸ் மட்டும்னு சொன்னாங்க. அப்புறம் மார்க் இல்ல."

இனிமேல் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"குட்டப்பா, தண்ணி குடுக்கற மாதிரி போய், மக்னீசியம்னு அவ காதுல போட்டுரு."

"சாரே, இது ஜெயிலுக்குப் போற காரியமல்லே?"

"பாட்டில ரொப்புனதே நாந்தான். உள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

போனார். வந்தார்.

"சொன்னேன். மோள் கேட்கல. அப்பாவ ஜன்னல்ல வந்து சாம்பலப் பாக்கச் சொல்லுங்க, பச்சையா இருக்குதுன்னு சொல்லிச்சு."

உப்புக் கரைசலில் கோபால்ட் நைட்ரேட் சேர்த்து, அதில் நனைத்த வடிதாளை எரித்தால் சாம்பலுக்கு நிறம் வரும். மக்னீசியம் என்றால் இளஞ்சிவப்பு. ஜிங்க் என்றால் பச்சை. பச்சை என்றதும் எனக்குச் சாக்கின் மேல் சந்தேகம் வந்தது. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்ணா, புள்ள நல்லா எழுதிட்டாளுங்களா?"

"அத உடு. சாளையில மக்னீசியம் சாக்குல என்னடா இருக்குது?"

"ஜிங்க்குங்ணா."

"ஜிங்க்கா?"

"நெல்லுக்கு வாங்குன ஜிங்க் சாக்க எலி கடிச்சுப்போட்டுதுங்க. மக்னீசியம் தீந்து சாக்கு சும்மாதான கெடந்துது, அதுல கொட்டி வெச்சேன். ஏனுங்ணா, எடுத்துத் தென்னைக்குப் போட்டுட்டீங்களா? ஒண்ணும் ஆவாதுங்க."

"தென்னைக்குப் போடலடா. யுனிவர்சிட்டி பரீட்சைக்குப் போட்டுட்டேன்."

4. வாசலில்

ஆய்வக வாசலுக்குப் போனேன். எக்ஸ்டெர்னல் திருச்சூர்ப் பக்கத்து அம்மையார், கண்டிப்பானவர்.

"சாரே, நீங்க உள்ள வரக் கூடாது."

"வரலைங்க டீச்சர். வாசல்லயே நின்னு சொல்லிடறேன்."

சொன்னேன். சாளை, சாக்கு, எலி, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் சொன்னேன். குட்டப்பனிடம் சொல்லி அனுப்பியதை மட்டும் சொல்லவில்லை. குட்டப்பன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். நித்யா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யுனிவர்சிட்டி எக்ஸாமுக்குத் தென்னை உரமா, சாரே?" என்றார் அம்மையார். பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"என் பொண்ணுக்காகச் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க டீச்சர்."

"நான் ஏன் நினைக்கணும்? உப்பு இங்கதானே இருக்கு."

ஏழாம் நம்பர் பாட்டிலை எடுத்து அவரே கரைத்தார். வடிதாளை நனைத்தார், எரித்தார். ஆய்வகம் முழுக்க எட்டிப் பார்த்தது. சாம்பல் பச்சையாக இருந்தது. அவர் நித்யாவின் தாளில் போட்ட சிவப்புக் கோட்டை அடித்து, முழு மதிப்பெண் போட்டார்.

பிறகுதான் அவருக்குக் காலை பேட்ச் நினைவுக்கு வந்தது. கேன்டீனிலிருந்து அந்த மாணவனை அழைத்து வரச் சொன்னார்.

"உன் சாம்பல் என்ன நிறம்?"

"பிங்க்குங்க டீச்சர்."

"எங்க அது?"

"காத்துல பறந்துபோச்சுங்க."

"இப்ப ஒண்ணு பண்ணிக் காட்டு."

பண்ணினான். குனிந்து பார்த்துவிட்டு உண்மையான ஆச்சரியத்தோடு சொன்னான்: "இந்தத் தடவ பச்சையா வருதுங்க டீச்சர்!"

உப்பைக் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்துவிட்டு, அதற்கேற்பச் சோதனைகளை எழுதுவது எங்கள் பிள்ளைகளின் பழைய வழக்கம். அவனைத் திட்ட வாய் திறந்தேன். டிபன் பாக்ஸ் நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டேன். கீ தப்பாக இருந்தது கல்லூரியின் குற்றம் என்பதால் அவனுக்கு வேறு உப்பு கொடுத்து மறுபடி எழுத வைத்தார்கள். பிரின்சிபல் எனக்கு மெமோ கொடுத்தார். விளக்கக் கடிதத்தில் எலியைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தது.

5. பஸ்ஸில்

திரும்பும்போது பாதி வழியில் நித்யா சொன்னாள்:

"குட்டப்பண்ணன் காதுல வந்து சொன்னாருங்ப்பா."

"ம்."

"நீங்க சொல்லி உட்டதுன்னாரு."

"ஆமா கண்ணு. பயந்துட்டேன்."

"பயந்தது பரவால்லீங்க. சாம்பலப் பாக்க வரச் சொன்னனல்லங்ப்பா? ஜன்னலோரமாத்தான் புடிச்சுட்டு நின்னேன். நீங்க சித்தப்பாவுக்குப் போன் பண்ணப் போயிட்டீங்க."

இத்தனை வருடம் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன், பத்தடி தூரத்தில் இருந்த சாம்பலை விட்டுவிட்டு, தோப்பில் இருந்த தம்பியிடம் விடை கேட்டிருக்கிறேன். தம்பியும் ஜிங்க் என்று சொன்ன பிறகுதான் மகளை நம்பியிருக்கிறேன். சாக்கை எலி கடித்தது அவனுக்கு மறந்துபோயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

புதிதாக வருகிற ஆசிரியர்களுக்கு இரண்டு விஷயம். பாட்டிலில் போடுவதற்கு முன் எந்த உப்பையும் ஒரு சிட்டிகை எடுத்துச் சோதித்துவிடுங்கள், அது சுலபம். கையில் இருக்கும் கீயோடு ஒத்துவராத விடையை ஒரு பிள்ளை நீட்டினால், தப்பு என்று சொல்வதற்கு முன் அந்தப் பிள்ளையின் மேஜைக்கு நடந்து போய்ப் பாருங்கள். நான் இப்போது போகிறேன். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போய்ப் பார்த்த பிறகுதான் சொல்கிறேன்.