அடி அண்ணாமலையில் ஒரு பனியாறு

பனி பார்க்க எல்லோரும் மணாலிக்குப் போவார்கள். நான் திருவண்ணாமலைக்குப் போனேன், 2008 ஆடி மாதக் கடைசி சனிக்கிழமை. காரணம், இதே வலைப்பூவில் நான் விட்ட சவடால்: "ஒரு ஐஸ் பாரும் களிமண்ணும் இருந்தால் போதும், பனியாறு நிலத்தை எப்படிச் செதுக்கும் என்று ஒன்பதாம் வகுப்புக்கு ஒரே நாளில் புரியவைப்பேன்." நான் படித்தது பி.காம். வரைபடமெல்லாம் இணையத்தில் தோண்டித் தோண்டிக் கற்றது. (அதனால் என்ன!) அடி அண்ணாமலைப் பக்கம் புவியியல் நடத்தும் மாலதி டீச்சர் பின்னூட்டத்தில் பிடித்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை தருகிறேன், மூன்றரை மணிக்குள் பிள்ளைகளே சமஉயரக் கோடு வரைந்து விளக்கினால் மாதம் ஒரு சனிக்கிழமை வரைபட வகுப்பு, இல்லையென்றால் வழக்கம்போல் டெஸ்ட் என்றார்.

கோயம்பேட்டில் காலை 4.30 பஸ், டிக்கெட் 68 ரூபாய், சுமார் 190 கிலோமீட்டர். என்ன இவ்வளவு கூட்டம் என்று யோசித்தபடி நின்றுகொண்டே வந்தேன். 9.40க்கு ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். ஐஸ் வாங்க ஆட்டோ பிடித்துப் போன டிப்போவில்தான் விஷயம் புரிந்தது.

"பாரா? எல்லாம் நேத்தே புக் ஆயிடுச்சு சார். இன்னிக்கு பௌர்ணமி."

"பௌர்ணமியா?"

டிப்போக்காரர் என் ஆட்டோக்காரரிடம் திரும்பினார். "பௌர்ணமின்னே தெரியாம பௌர்ணமிக்கு வந்திருக்காரு பாருய்யா!"

ஆட்டோவுக்கு 120 ரூபாய். மற்ற நாளில் 60தானாம். கையில் களிமண், தண்ணீர் மட்டம் பார்க்கும் ட்யூப், கிராஃப் தாள் எல்லாம் இருந்தன. ஐஸ் மட்டும் இல்லை. வகுப்பில் உண்மையைச் சொன்னேன். செல்வி என்ற மாணவி எழுந்தாள்.

"எங்கம்மா ஜூஸ் கடையில ஒரு பார் இருக்கு சார். கிரிவலப் பாதையிலதான்."

டீச்சரிடம் சொல்லிவிட்டு இருபத்திரண்டு பேரும் நடந்தோம், ஐந்தே நிமிடம். செல்வியின் அம்மா எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டே எங்களை எண்ணினார்.

"ஐஸா? சாயங்காலம் ஜனம் ஜாஸ்தி தம்பி. நீங்க மண்ணுல தேச்சுக் குடுத்தா அத எவன் குடிப்பான்? பாடம் படிடின்னு அனுப்பினா, ஊரையே இட்டுக்கினு வந்து நிக்கிறா பாரு!"

மணி 11.20. என் சவடால் அங்கேயே கரைந்தது. அப்போது செல்வி தன் காலடியைக் காட்டினாள். "சார், இது என்னா?"

சாலையிலிருந்து கடைக்கு இறங்கும் செம்மண் சரிவு, முந்தின இரவு மழையில் ஊறியிருந்தது. காலையில் அதன்மேல்தான் பாரைக் கொக்கி போட்டு இழுத்திருக்கிறார்கள். அகலமான தரை, செங்குத்தான ஓரங்கள், அச்சு அசல் 'யு' வடிவப் பள்ளத்தாக்கு! இருபுறமும் ஒதுங்கிய மண்வரப்பு, முடிவில் ஒரு குவியல். பனியாறு தள்ளிக்கொண்டு வரும் மொரைன் அதுதான். பக்கத்திலேயே மழைநீர் அரித்த ஒல்லியான 'வி' வடிவ ஓடை. நான் கத்தியே விட்டேன்.

ட்யூபில் தண்ணீர் நிரப்பி, ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடவை குறித்தோம். குறிகளைக் கோலமாவால் இணைத்தது பிள்ளைகளின் யோசனை. இரண்டு மணிக்குக் கிரிவலக் கூட்டம் கடைப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. இன்னும் தாளில் ஏற்றவில்லை, மிதித்துவிட்டால் எல்லாம் போச்சு. ஆனால் ஒரு கால்கூடப் படவில்லை. கோலம் என்று நினைத்து எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள்! நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் நின்று கேட்டார்.

"இது என்ன கோலம்மா?"

"பனியாறுங்க," என்றாள் செல்வி. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

3.20க்கு டீச்சர் வந்தார். மண்ணைப் பார்க்காமல் தாளில் மட்டும் இரண்டு இடங்களைத் தொட்டார். "இதுல எது தண்ணி வெட்டினது, எது ஐஸ் வெட்டினது?"

"கோடு கூரா மடங்கினா தண்ணி டீச்சர். பான வயிறு மாதிரி அகலமா வளைஞ்சா ஐஸ்," என்றாள் செல்வி.

டீச்சர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அடுத்த மாசம் காலண்டர் பாத்துட்டு வாங்க."

நீங்களும் எங்காவது இதைச் செய்வதாக இருந்தால் ஐஸ் பார் இழுத்த ஈரமண் சரிவு, பத்தடி ட்யூப், இரண்டு பாக்கெட் கோலமாவு போதும். திருவண்ணாமலை என்றால் பௌர்ணமி தேதியை முதலில் பாருங்கள். பனியாறு புத்தகத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துத் தூரத்திலிருந்து சுமந்து போனவன் நான். அது அங்கே தினமும் காலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

நான்கு மணிக்கு இரண்டாவது பார் வந்தது. செல்வியின் அம்மா கொக்கியை மாட்டி, எங்கள் கோலத்தின் மேலேயே இழுத்துக்கொண்டு வந்தார்.

"தள்ளுங்கடி, உங்க பனியாறு வருது!"