குதிரைக்காரம்மா ஜைதூன் பீ

ராயப்பேட்டையில் ஜைதூன் பீயைக் குதிரைக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர் ஒரு நாளும் ஜட்கா ஓட்டியதில்லை. கணவர் நூர் முஹம்மது இறந்த பிறகு வண்டி ஓட்டுவது கொழுந்தன் சர்தார். கொள்ளு ஊறவைப்பது, உடம்பு தேய்ப்பது, லாடம் பார்ப்பது எல்லாம் ஜைதூன் பீ. வீட்டில் அடுப்பு எரிவதே குல்ஷன் என்ற அந்த ஒரு குதிரையால்தான்.

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் குல்ஷனின் பின்னங்கால் குளம்பில் ஆணி ஏறிச் சீழ் கட்டிவிட்டது. ஆழமாக வெட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் அது இனி வண்டி இழுக்காது. முன்பு அவர்களிடம் இருந்த குதிரையை இப்படி ஒரு வைத்தியத்துக்காகத்தான் கயிறு கட்டிக் கீழே தள்ளினார்கள். திமிறியதில் முதுகெலும்பு முறிந்து அங்கேயே செத்தது. அதனால் கயிறு என்ற பேச்சையே ஜைதூன் பீ எடுக்கவிடவில்லை. மயிலாப்பூரிலிருந்து வந்து ராயப்பேட்டையில் மிருக வைத்தியம் பார்த்த டாக்டர் ஸ்ரீனிவாசராகவனிடம் போய் நின்றார்.

டாக்டர் வேறு வழி சொன்னார். கழுத்து ரத்தக்குழாயில் ஊசி குத்தி, ரப்பர் குழாய் வழியாகக் குளோரல் மருந்தை இறக்கினால் குதிரை தானாகச் சாய்ந்து தூங்கிவிடும். ஆனால் ஊசி விலகி மருந்து வெளியே கசிந்தால் சதை அழுகிப்போகும். தெளியும்போது அவசரப்பட்டு எழுந்தாலும் ஆபத்து. பின்னங்கால்களில் பலம் வந்திருக்காது, விழுந்து எலும்பு முறியும்.

"தலையை ஆடாம பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்மா. உங்காத்துல யாரு பிடிப்பா?"

"நான்தான் டாக்டரய்யா. என் கைக்குத்தான் அது அடங்கும்."

மருந்து இறங்கி முடியும்வரை அவர் அதன் தலையை ஆடவிடவில்லை. குல்ஷன் முட்டி மடங்கி வைக்கோலில் சாய்ந்தது. டாக்டர் குளம்பைக் கீறிச் சீழை எடுத்துக் கட்டுப் போட்டார். இனி அது தானாகத் தெளியும்வரை சத்தமே கூடாது என்றார்.

அப்போதுதான் சர்தாரின் கூட்டாளி கபாலி வந்தார். அவரும் ஜட்காக்காரர். தெருவில் ஆட்களை விலக்க, சுழலும் சக்கரத்துக்குள் சாட்டைக் கம்பை நீட்டிக் கடகடவென்று சத்தம் எழுப்புவது அவர்கள் வழக்கம். நலம் விசாரிக்க வண்டியில் வந்தவர் பழக்க தோஷத்தில் வாசலிலும் அப்படியே செய்தார். அந்தச் சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்பதுதான் குல்ஷனுக்குத் தெரியும். அரை மயக்கத்திலேயே தலையைத் தூக்கி முன்னங்கால்களை ஊன்றியது.

ஜைதூன் பீ அதன் கழுத்தின் மேல் அப்படியே விழுந்தார். அந்நிய ஆண்கள் நிற்பதையும் பாராமல் முக்காட்டை உருவி அதன் கண்களை மூடினார்.

"பஸ், குல்ஷன். பஸ்."

சாயங்காலம் வண்டியை அவிழ்க்கும்போது அவர் சொல்லும் உருதுச் சொல் அது. போதும் என்று அர்த்தம். குதிரை பெருமூச்சு விட்டுத் தலையைக் கீழே வைத்தது.

விறைத்து நின்ற கபாலி, சர்தாரைப் போலவே அண்ணியை பாபி என்று கூப்பிட்டுக் கேட்டார். "இன்னா பாபி, பஸ்ஸு வந்துதான் நம்ம பொழப்பே போய்க்கினு கீது. நீ அதும் பேரைச் சொல்லியா தாலாட்டுற?"

"வாயை மூடிக்கினு ஒக்காரு நைனா," என்றார் ஜைதூன் பீ, குதிரையின் காதருகே, தலை நிமிராமல்.

வெயில் ஏறியும் அவர் அசையவில்லை. டாக்டர் அவ்வப்போது பின்னங்காலை அழுத்திப் பார்த்தார். அது பலமாக உதறியபோது விடச் சொன்னார். குல்ஷன் ஒரே மூச்சில் எழுந்து, தள்ளாடி, பிறகு கட்டுப் போட்ட காலையும் தரையில் ஊன்றியது.

ஜைதூன் பீக்குத்தான் கால்கள் மரத்துப்போயிருந்தன. சர்தார் கை கொடுத்தும் எழ முடியவில்லை. வைக்கோலில் உட்கார்ந்தபடியே குதிரை நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.