உப்புத்தாள் எழுத்துகள்

என் அக்கா மழலையர் பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சொரசொர டீச்சர். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி, அட்டையில் ஒட்டி, விரலால் தடவ வைத்தே பழக்குவாள். அவள் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் எந்தக் கத்தரிக்கோலும் ஒரு மாதம் உருப்படியாக இருந்ததில்லை.

அந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. சொரசொரப்பான பக்கத்தில் பென்சில் ஓடாது. வழவழப்பான பின்பக்கத்தில்தான் வரைய வேண்டும், அதுவும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாற்றி. அப்போதுதான் திருப்பி ஒட்டும்போது எழுத்து நேராக வரும். பதினெட்டு வருடப் பழக்கம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வாள்.

வகுப்பில் எழுத்தென்றால் உயிரை விடுகிறவள் தையல்காரியின் மகள். அவள் கால் முறிந்து வீட்டில் படுத்துவிட்டாள். "ரெண்டு மாசத்துல எல்லாம் மறந்துருவா டீச்சர்" என்று தாய்க்காரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளைக் காக்க வைக்கக் கூடாதென்ற அவசரத்தில் அக்கா பத்து எழுத்துகளை மாற்றாமல் நேராகவே வரைந்து வெட்டிவிட்டாள். "ஒட்டுறத நான் பாத்துக்கறேன்" என்று தாய்க்காரி வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அக்கா அதை யோசிக்கவே இல்லை. எனக்கு இன்றுவரை ஆத்திரம் அதில்தான்.

கால் கூடிப் பள்ளிக்கு வந்த பெண் மணி கோத்தாள், களிமண் உருட்டினாள். எழுத்து அட்டைகளின் பக்கம் மட்டும் போகவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அக்கா அவர்கள் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். தையல் மிஷினுக்கு மேலே சுவரில் அட்டைகள் வரிசையாக இருந்தன. ஓர் எழுத்துகூட நேராக இல்லை.

"ஐயோ, எல்லாம் திரும்பியிருக்கு. என் தப்பும்மா, மாத்தி வரைய மறந்துட்டேன்" என்றாள் அக்கா.

தையல்காரி மிஷினை நிறுத்தினாள்.

"அவ மொதல்ல வேற மாதிரிதான் எழுதினா டீச்சர். அட்டையோட வச்சுப் பாத்தேன், ஒத்து வரல. நீங்க குடுத்தது தப்பா இருக்குமா? அதான் அடிச்சேன். அவளும் 'இதுதாம்மா சரி'ன்னு அழுதுக்கிட்டே எழுதினா. தெனமும் அடிச்சேன்."

பெண் மேஜைக்கடியில் துண்டுத் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ எழுதினதுதான் கண்ணு சரி. டீச்சர்தான் தப்பு பண்ணிட்டேன். ஒரு தடவ எழுதிக் காட்டுறியா?"

சிலேட்டை நீட்டினாள். குழந்தை அம்மாவைப் பார்த்தது. பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

"எனக்கு எழுத வராது டீச்சர்."