ஒழுகட்டும் என்று விட்ட கார்

காரில் ஆயில் ஒழுகுகிறது என்று தெரிந்ததும் நான் முதலில் செய்தது, அதன் அடியில் ஒரு அட்டையை விரித்ததுதான். புது மிக்சி வந்த பெட்டியின் அட்டை. காலையில் காபி டம்ளரோடு கீழே இறங்கி, அதை இழுத்துப் பார்ப்பேன். ஜாதகம் பார்க்கிற ஜோசியர் மாதிரி புருவத்தைச் சுருக்கி "ம்ம்" என்பேன். மறுபடி உள்ளே தள்ளிவிட்டு மேலே போய்விடுவேன். எங்கள் சேலையூர் குடியிருப்பில் எனக்கு எஞ்சின் விஷயம் தெரியும் என்று நாலு பேர் நம்பியது இப்படித்தான். நான் வேலை பார்ப்பது கணக்குப் பிரிவில்.

இந்த ஒழுகலுக்கு ஒரு கெடு இருந்தது. என் மனைவி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். தினமும் தாம்பரத்தில் ரயில் பிடித்து, அங்கே இறங்கி ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போவாள். கோடை விடுமுறையில் கார் ஓட்டப் பழகி லைசென்சும் வாங்கிவிட்டாள். தீபாவளி முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமையிலிருந்து காரில்தான் போவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். வழியில் வண்டலூரில் கூட வேலை பார்க்கும் டீச்சரை ஏற்றிக்கொள்வதாக வாக்கும் கொடுத்தாயிற்று. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கோ அவள் போகவேண்டிய, லாரியும் பஸ்ஸும் பறக்கிற ஜி.எஸ்.டி. ரோட்டை நினைத்தாலே தூக்கம் போனது. அவளுக்கு ஓட்டத் தெரியாது என்றில்லை, நன்றாகவே ஓட்டினாள். பக்கத்தில் நான் இல்லாமல் ஓட்டுவாள் என்பதுதான் என் கஷ்டம். இதை வாய்விட்டுச் சொன்னால் அசிங்கம். அதனால் ஆயுத பூஜை முடிந்த சில நாளில் கார் தானாகவே ஒழுக ஆரம்பித்தபோது, கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆயில் லீக்கோட ஜி.எஸ்.டி. ரோட்ல போகக் கூடாதும்மா. எஞ்சின் ஜாம் ஆயிடும்."

"நீங்க மட்டும் தினமும் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறீங்களே?"

"அது கோவிலம்பாக்கம். அது வேற ரோடு."

அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப சீக்கிரம் சரி பண்ணுங்க," என்றாள்.

ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்த மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் கையை வைப்பதற்கு முன்னால் வியாதி இன்னதென்று நானே சொல்லிவிட்டேன். "கீழதான் சொட்டுது. அப்ப கீழ இருக்கற போல்ட்டுதான்."

"அது டைட்டாத்தான் கீது சார்."

"இன்னும் கொஞ்சம் முறுக்குங்க."

"சார் சொன்னா முறுக்கிடலாம், நமக்கு இன்னா," என்று முறுக்கிக் கொடுத்தார்.

மறுநாள் அட்டையில் அதே இடத்தில் அதே வட்டம். அடுத்த வாரம் ஆயில் ஃபில்டரை முறுக்கச் சொன்னேன். வட்டம் அசரவில்லை. வீட்டில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "பெரிய வேலை போலிருக்கு, பொங்கலுக்கு அப்புறம்தான் பார்க்கணும்," என்றேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அவள் தூங்கவில்லை போலும். பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை காலை, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பழைய துணியும் பவுடர் டப்பாவுமாகக் கீழே இறங்கினாள். பின்னாலேயே ஓடினேன்.

"மொட்டை மாடியில டேங்க் வழிஞ்சா, பார்க்கிங்லயா குழாயைத் தேடுவோம்? எண்ணெய் கீழ சொட்டுதுன்னா மேல எங்கியோ இருந்துதானே வரும்?"

இப்படிக் கேட்டுக்கொண்டே அவள் பானெட்டைத் திறந்து எஞ்சினை அழுந்தத் துடைத்தாள். ஸ்கூலுக்குக் கிளம்பும் குழந்தைக்குப் போடுகிற மாதிரி எங்கும் பவுடர் அப்பினாள். ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள், பண்ணினேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரு கோடு. ஆயில் ஊற்றுகிற வாயின் மூடியில் ஆரம்பித்துக் கீழே இறங்கியிருந்தது.

மூடியின் தலையில் குங்குமப் பொட்டு இருந்தது. அவள் பொட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

ஆயுத பூஜையன்று மற்றவர்களெல்லாம் ஸ்டியரிங்குக்கும் பானெட்டுக்கும் பொட்டு வைத்தார்கள். உழைப்பது எஞ்சின், பொட்டு பானெட்டுக்கா என்று நான் நியாயம் பேசினேன். மூடியைக் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். மிச்சமிருந்த மல்லிகைச் சரத்தை அதன் கழுத்தில் சுற்றி, மறுபடி மூடி, பக்தியோடு இன்னொரு முறுக்கும் முறுக்கினேன்.

அவள் மூடியைத் திருகி எடுத்தாள். ரப்பர் வளையத்துக்கும் விளிம்புக்கும் நடுவில், எண்ணெயில் ஊறிக் கறுத்த பூ நார், காய்ந்த காம்புகளோடு. அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது. நார் பதிந்து ரப்பர் வெட்டுப்பட்டிருந்ததால், அன்றே தாம்பரம் மார்க்கெட் பக்கம் போய்ப் புது மூடி வாங்கி வந்து அவளே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ராத்திரி விரித்திருந்த புது அட்டையை இழுத்துப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. திருப்பியும் பார்த்தேன். அதில் ஒரு சொட்டாவது இருக்கக் கூடாதா என்று தேடினேன், வெட்கமாக இருந்தது. மேலே போய் அவளிடம் சொல்லிவிட்டேன்.

"லீக் இல்ல. ஆனா எனக்கு பயமா இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள் தோசையைத் திருப்பியபடி. "நீங்க ஓட்டறப்போ பக்கத்துல உக்காந்து இத்தனை வருஷமா பயந்துக்கிட்டேதான் வரேன். உங்களை ஓட்ட வேணாம்னு ஒரு நாளாவது சொன்னேனா?"

திங்கட்கிழமை அவள் காரைப் பின்னால் எடுத்து, திருப்பி, ஒரு தடவைகூட எஞ்சினை அணையவிடாமல் கேட்டைத் தாண்டிப் போனாள். போகும்போது கையாட்டினாள். நான் அட்டையை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஆபீசுக்குப் போக மேடவாக்கம் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன்.