டாங்கிக்குள்ள இருந்து ஆள் தெரியுமா

பிள்ளைகளே, அந்த வருஷம் தை மாசம் நம்ம ஊரில் நெல் விலை தெரியாதவன்கூட டாங்கியின் எடையைத் தெரிந்து வைத்திருந்தான். வளைகுடாவில் சண்டை. ஈராக்காரன் குவைத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அமெரிக்காவும் அதோடு சேர்ந்த நாடுகளும் அவனை விரட்ட வந்து நின்றன. ஈராக்காரனிடம் இருந்தது ருஷ்யா டாங்கி. எதிரே நின்றது அமெரிக்கா டாங்கி. இரண்டும் மோதினால் எது நிற்கும்? பென்னலூர் டீக்கடையில் காலையும் மாலையும் இதே பேச்சுதான்.

நான் ருஷ்யா கட்சி. அதற்குக் காரணம் இருந்தது. அப்போது இருங்காட்டுக்கோட்டைக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு ரப்பர் ஷெட்டில் ரப்பரை அச்சில் வைத்து அழுத்துகிற பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். டாங்கிக்கு அடியில் ஓடுகிற இரும்புச் சங்கிலியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி ஒரு பின் இருக்கும். இரும்போடு இரும்பு உரசித் தேயாமல் இருக்க அந்தப் பின்னைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு ரப்பர் புஷ் வேண்டும். அந்தப் புஷ்ஷைத்தான் நாங்கள் செய்து ஆவடிக்கு அனுப்பினோம். ஆவடியில் அப்போது ருஷ்யா மாடல் டாங்கிதான் தயாரானது. ஆக, ருஷ்யா டாங்கியை யாராவது குறை சொன்னால் என் கை வேலையைக் குறை சொன்ன மாதிரி எனக்குச் சுருக்கென்று இருக்கும். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன் என்றாலும் பேப்பரில் டாங்கி என்று கண்டால் ஒரு வரி விடமாட்டேன். ருஷ்யா பீரங்கியின் வாய் நூற்றிருபத்தைந்து மில்லிமீட்டர், அமெரிக்காவுடையது நூற்றிருபது. ஐந்து மில்லி நமக்கு அதிகம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டீக்கடைக்காரரும் என் கட்சிதான். ஆனால் அவர் கணக்கு வேறு. ருஷ்யா டாங்கியில் குண்டை மெஷினே எடுத்துப் பீரங்கியில் போட்டுவிடும், அதனால் உள்ளே மூன்று பேர் போதும். அமெரிக்கா டாங்கியில் குண்டு போட ஒரு ஆள் தனியாக வேண்டும், ஆக நாலு பேர். "ஒரு ஆள் சம்பளம், ஒரு ஆள் சோறு மிச்சம்பா. கடை நடத்துறவனுக்குத்தான் இதெல்லாம் புரியும்" என்பார்.

எங்கள் ஷெட்டுச் சரக்கை ஏற்றிப் போகிற டெம்போ டிரைவர் அமெரிக்கா கட்சி. வண்டிக்காரர் இல்லையா, அவருக்கு எஞ்சின்தான் முக்கியம். அமெரிக்கா டாங்கிக்கு ஏரோப்ளேனில் இருக்கிற மாதிரி டர்பைன் எஞ்சின், அறுபது டன்னை வைத்துக்கொண்டு தன் டெம்போவைவிட வேகமாக ஓடும் என்று பெருமையாகச் சொன்னார். மைலேஜ் எவ்வளவு என்று டீக்கடைக்காரர் கேட்டார். லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூடத் தராது என்பதை டிரைவரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அப்போ பின்னாலயே ஒரு பெட்ரோல் பங்க்கையும் கட்டி இழுத்துகினு போவணும்னு சொல்லு" என்றேன் நான்.

கடையே சிரித்தது. டிரைவர் விடவில்லை. "நீ இன்னா, ருஷ்யாக்காரனுக்கு வாய் அஞ்சு மில்லி பெருசுன்னு சொல்றே. வாய்தான் கணக்குன்னா இந்த ஊருக்கே நீதான் ராஜா" என்று திருப்பிக் கொடுத்தார்.

இந்தச் சிரிப்பெல்லாம் கடையோடு சரி. வீட்டுக்கு வந்தால் எனக்குப் பேச்சு வராது. ஏனென்றால் உங்கள் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, குவைத்தில் இருந்தார்.

அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை. ஈராக்காரன் நுழைந்ததுமே நம்ம ஆட்கள் கூட்டம் கூட்டமாக விமானத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். சேரப்பணஞ்சேரிக்காரர் ஒருவர் மாமாவுக்குப் பக்கத்துத் தெருவில் வேலை பார்த்தவர், அவரும் வந்துவிட்டார். வந்தவர் நேராக நம்ம வீட்டுக்கு வந்து சங்கதியைச் சொன்னார். மாமா வேலை பார்த்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர் ஒருவர் இருந்தாராம். மகன் சவூதிப் பக்கம் போனவன் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டான். விமானம் பிடிக்க பஸ் ஏறப் போன மாமாவின் கையைப் பெரியவர் பிடித்துக்கொண்டாராம். மாமா பையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்.

"அவரு இன்னா இவனைப் பெத்த அப்பனா?" என்று அம்மா கேட்டாள்.  அதற்குப் பிறகு மாமாவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. மாசங்கள் போயின. தை பிறந்து, குண்டும் விழ ஆரம்பித்தது.

பெரியவளே, உனக்கு அப்போது நாலு வயசு. தம்பி பிறக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் நீ டாங்கி என்றால் என்ன என்று கேட்டாய். நான் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து, ஓரத்தில் கரண்டிக் காம்பைச் செருகிக் காட்டினேன். தட்டு வண்டி, கிண்ணம் சுற்றுகிற தலை, காம்பு பீரங்கி. உள்ளே மூன்று பேர் என்று மூன்று புளியங்கொட்டைகளைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தேன். நீ கிண்ணத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாய். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"ஏங்க, உள்ள குந்தியிருக்கறவனுக்கு வெளியில ஆள் நிக்கிறது தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. எடை தெரியும், வேகம் தெரியும், பீரங்கி வாய் தெரியும். இது தெரியாது. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"எந்த நாட்டு டாங்கியில நல்லாத் தெரியும்னு கேட்டுட்டு வாங்க. அவன் இருக்கற தெருவுல அந்த டாங்கி வந்தா நல்லது."

மறுநாள் டீக்கடையில் கேட்டேன். அமெரிக்காக்காரனிடம் இருட்டிலும் தெரிகிற கண்ணாடி இருக்கிறது என்றார் டிரைவர். ருஷ்யாக்காரனிடம் மட்டும் இல்லையா என்றார் டீக்கடைக்காரர். யார் கண்ணாடி பெரிது என்று பேச்சு வளர்ந்தது. எதற்குக் கேட்கிறாய் என்று டிரைவர் என்னைக் கேட்டார். மச்சானைச் சொன்னேன்.  டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவப் போய்விட்டார். திரும்பி வந்து எனக்கு டீயை வைத்தார். அன்றைக்கு டிரைவரையும் அவர் வம்புக்கு இழுக்கவில்லை.

அந்த வாரம் சரக்கோடு நானும் டெம்போவில் ஏறி ஆவடிக்குப் போனேன். சரக்கை எண்ணி வாங்குகிற இடத்தில் எங்களோடு பேச்சுக் கொடுக்கிற ஒருவர் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் டாங்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரைத் தனியே கூப்பிட்டு அம்மாவின் கேள்வியை அப்படியே கேட்டேன். ரகசியத்தைக் கேட்டு என் பென்ஷனுக்கு உலை வைக்கிறீரா என்று முதலில் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தி, மரத்தடிக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார்.

மேல் மூடியைச் சாத்திவிட்டால் டாங்கிக்காரனுக்கு உலகம் செங்கல் அகலம் என்றார். அந்த அகலத்துக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். தூரத்தில் இருப்பது தெரியும், கிட்டே வந்து நிற்கிறவன்தான் தெரியமாட்டான். எந்த நாட்டு டாங்கியானாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. ராத்திரியில்தான் வித்தியாசம். ருஷ்யாக்காரன் நம்ம கண்ணுக்குப் புலப்படாத ஒரு விளக்கை அடித்து அந்த வெளிச்சத்தில் பார்க்கிறான். அமெரிக்காக்காரன் விளக்கே அடிப்பதில்லை. அவன் சூட்டைப் பார்க்கிறான். ஓடி நின்ற எஞ்சின், அடுப்பு, ஆடு, மனுஷன், சூடு இருக்கிற எல்லாம் அவன் கண்ணாடியில் வெள்ளையாக நிற்கும். புகையானாலும் புழுதியானாலும் ஓரளவு தெரியும்.

"அப்போ அமெரிக்கா டாங்கிதான் நல்லதா?"

"ஆள் நிக்கான்னு தெரியும் தம்பி. எந்த ஆள்னு தெரியாது."

பின்னே எப்படித்தான் பார்ப்பது என்று கேட்டேன். மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பார்ப்பதுதான் வழி, ஆனால் தெருச் சண்டையில் அப்படி நீட்டுகிறவன் தலை தப்புவது கஷ்டம் என்றார். கிளம்பும்போது என் தோளில் கை வைத்தார். 

திரும்பி வருகிற வழியெல்லாம் இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அமெரிக்கா டாங்கியில் நன்றாகத் தெரியும் என்று பாதியில் நிறுத்திக்கொள்ளலாம் என்று டிரைவர் சொன்னார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆனால் உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்தே மீதியைக் கேட்டு வாங்கிவிடுவாள். அதனால் முழுசையும் சொன்னேன்.

அவள் கேட்டாள். "சூட்டைப் பாத்தா, நம்ம தம்பியும் வெள்ளை, எதிராளியும் வெள்ளையா?"

"ஆமா."

"எல்லாம் ஒரே வெள்ளையா?"

"ஒரே வெள்ளைதான்."

சோற்றுப் பானையை மூடிவிட்டு எழுந்து போனாள். அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். வெள்ளிக்கிழமை மட்டும் ஒருவேளை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தினமும் ஒருவேளையாக்கினாள். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

சீக்கிரமே தரைச் சண்டை தொடங்கி, தொடங்கிய வேகத்தில் முடிந்தும் போனது. பாலைவனத்தில் ருஷ்யா டாங்கிகள் எரிந்து கிடக்கிற படம் பேப்பரில் வந்தது. டீக்கடைக்காரர் அந்தப் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். ஜெயித்த டிரைவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் "சேதி எதுனா வந்துச்சா?" என்றுதான் இரண்டு பேரும் கேட்டார்கள்.

சேதி வந்தது எங்கள் ஷெட்டு ஆபீஸ் போனில். பிரஸ்ஸில் நின்றிருந்த என்னை முதலாளியே வந்து கூப்பிட்டார். ரிசீவரில் ஒரே இரைச்சல். அதற்கு நடுவே, "மாமா, நான்தான். அக்காகிட்ட சொல்லு, நான் நல்லா கீறேன்" என்றது. அதோடு லைன் போய்விட்டது. முதலாளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். ரப்பர் கரி படிந்த கையோடு மிதித்து வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உயிரோட கீறான் என்று சொல்ல நினைத்தேன், மூச்சு வாங்கியது. அவள் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நீ போய் அந்தத் துணியை விலக்கிப் பார்த்தாய்.

ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாளில் மாமா வந்து சேர்ந்தார். பெரியவரின் மகன் திரும்பி வந்த பிறகுதான் கிளம்பினாராம். பாதி உடம்பாக இருந்தார். டீக்கடைக்காரரும் டிரைவரும் அன்றைக்கே வந்துவிட்டார்கள். எங்கள் எல்லோருக்கும் இருந்தது ஒரே ஆசைதான். டாங்கியைக் கண்ணால் பார்த்தவன் வந்துவிட்டான், எது நல்ல டாங்கி என்று அவன் வாயால் கேட்டுவிட வேண்டும்.

மாமா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். எண்ணெய்க் கிணறுகள் எரிந்த புகையில் பகலே இருட்டாக இருந்ததாம். ஒரு காலை தெரு அதிர்கிற சத்தம். பெரியவரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தால், தெரு முனையில் டாங்கி திரும்புகிறது. பீரங்கி இவர்களைப் பார்த்து நிற்கிறது. மாமா அடுப்படித் துண்டைத் தூக்கி ஆட்டியிருக்கிறார்.

"வெள்ளைத் துண்டுதான் அக்கா. புகையில கருப்பாயிருச்சு. ஆட்டும்போதுதான் பாத்தேன்."

அம்மா பரிமாறுவதை நிறுத்தியிருந்தாள்.

"அப்புறம் மேல மூடி தொறந்துச்சு. ஒரு பையன் தலைய நீட்டி எங்களையே பாத்துகினு இருந்தான். முகமெல்லாம் கரி. கையால தண்ணி குடிக்கற மாதிரி காட்டினான். குடுத்தேன்."

எந்த நாட்டு டாங்கி என்று டிரைவர் கேட்டார். தெரியாது என்றார் மாமா. தலை கிண்ணம் மாதிரி உருண்டையாக இருந்ததா, சதுரமாக இருந்ததா என்று டீக்கடைக்காரர் கேட்டார். அதுவும் தெரியவில்லை. பக்கவாட்டில் போர்வையும் பக்கெட்டும் கட்டித் தொங்கவிட்டிருந்தது மட்டும் ஞாபகம் இருந்தது. அந்த டாங்கி அதே தெருவில் நின்றதாம், மாமா பெரியவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, இருந்த பருப்பையும் அரிசியையும் போட்டுப் பொங்கிக் கொடுத்தாராம். எத்தனை பேருக்கு என்று டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். நாலு பேருக்கு என்றதும் டிரைவர் தொடையைத் தட்டினார். நாலு பேர் என்றால் அமெரிக்காதான்.

"நாலாவது ஆளு நான்தாண்ணே" என்றார் மாமா.

டீக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று பேர் டாங்கி என்றால் ருஷ்யா மாடல், அது அந்த இருட்டில் எந்தப் பக்கத்து ஆளுடையதோ. ஈராக்காரன், குவைத்துக்காரன், ரெண்டு பக்கமும் அந்த மாடல் இருந்தது என்று நான் பேப்பரில் படித்திருந்தேன். சொல்ல வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டேன். அம்மா எங்கள் மூன்று பேரையும் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது.

"அந்தப் பையனுக்கு இன்னா வயசு இருக்கும்?" என்று மாமாவைக் கேட்டாள்.

"நம்ம வயசுகூட இருக்காது அக்கா. கெட்டில் தண்ணில முக்கால்வாசி அவனே குடிச்சான்."

சாயங்கால ஜெபத்தில் மாமாவும் எங்களோடு முழங்கால் போட்டார். தம்பி திரும்பி வந்ததற்கு அம்மா நன்றி சொன்னாள். அதோடு முடித்துவிடுவாள் என்று நான் எழுந்திருக்கப் போனேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். தண்ணி கேட்ட அந்தப் பிள்ளையும் அவன் வூட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று சேர்த்துக்கொண்டாள். அவன் பெயர் என்ன என்று மாமாவிடம் திரும்பிக் கேட்டாள். மாமாவுக்குத் தெரியவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தாள்.