நான் எழுதிக் கொடுத்த நற்சான்று

எழுபதுகளில் தாம்பரத்தில், வேலைக்குப் போகும் தாய்மார்களுக்காகச் சிறிய குழந்தைகள் காப்பகம் ஒன்றை நடத்தி வந்தேன். அங்கிருந்த ஆயா, அழும் குழந்தைகளைச் சாமான் அறைக்குள் விட்டுப் பூட்டுவதை ஒருநாள் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டேன்.

அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "வேற எங்கனா பொழைச்சுக்கிறேன் டீச்சர். நல்லவிதமா நாலு வரி எழுதிக் குடுங்க."

விஷயம் வெளியே தெரிந்தால் காப்பகத்தின் பெயர் கெட்டுவிடுமே என்று எனக்குப் பயம். 'குழந்தைகளிடம் மிகவும் அன்பானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து, பெருங்களத்தூரிலிருந்து ஒரு பெண் அந்தக் கடிதத்தோடு வந்தார். அவருடைய நான்கு வயது மகள் உள்ளே வர மறுத்ததால் வாசலிலேயே நின்று பேசினார்.

"உங்க லெட்டரை நம்பித்தான் இவளை அந்த ஆயாகிட்ட விட்டுட்டு ஆபீஸ் போனேன். தினமும் குளியல் ரூம்ல போட்டுப் பூட்டியிருக்கா. இப்போ கதவைச் சாத்தினாலே நடுங்குறா." பிறகு மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியாதும்மா" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், நீங்க என்ன செய்வீங்க? உங்களையும்தானே ஏமாத்தியிருக்கா" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

திட்டியிருந்தால்கூட இந்நேரம் மறந்திருப்பேனோ என்னவோ.

அதன்பிறகு யாரை வேலைக்கு எடுத்தாலும், அவர்கள் முன்பு வேலை பார்த்த இடத்துக்கு நானே நேரில் போய் விசாரித்தேன். "மறைக்காம உண்மையைச் சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்டேன். அப்படிக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.