சித்தியின் கடிதத்தில் என் வாக்கியம்

"கோல்டிங், நவம்பர், இரண்டாவது திங்கட்கிழமை. வந்தவை: பயற்றம் பணியாரம், பதினெட்டு. எங்கள் வீட்டிலிருந்து போனவை: அப்பிள், ஆறு." சித்தி தன் நீதிமன்றத் தலைவருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி இப்படித் தொடங்குகிறது. கோல்டிங் நாங்கள் இருந்த டென்மார்க் நகரம். மூலம் டேனிஷ்; தமிழ் என்னுடையது. ஒரு திருத்தம்: பணியாரம் இருபது. இரண்டை நான் தின்றிருந்தேன்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு இருந்தார். சட்டம் படித்து, உதவி நீதிபதியாகச் சிறு வழக்குகளை விசாரித்து வந்தவர், அந்த இலையுதிர்காலத்தில் நிரந்தர நீதிபதிப் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். கண்ணூறு படும் என்று அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. சித்தியின் பயம் வேறு. யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கக் கூடாது என்று குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டியிருந்தார்.

வியாழன் பின்னேரம் வாசல் மணி அடித்தது. வீட்டில் நான் மட்டும். கோயில் திருவிழாவில் கண்ட மாமா ஒருவர், நீல நிற பிஸ்கட் தகரப் பேணியோடு நின்றார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். காரை வேகமாக ஓட்டிய அவரது வழக்கு திங்களன்று சித்தியிடம் வரவிருந்தது என்பது எனக்குப் பின்னர்தான் தெரியும். பேணியை வாங்கினேன். வெறும் பேணியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அம்மா பழக்கியது. எனவே பணியாரத்தைக் கோப்பையில் கொட்டிவிட்டு, எங்கள் மரத்து அப்பிள்களை அடுக்கிக் கொடுத்தேன்.

"பிள்ளை, சித்தி என்னைப் பற்றி ஏதும் கதைச்சவவோ?"

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் வளர்ந்த மனிதர் ஒருவர் என் பதிலுக்காகக் காத்து நின்றது அதுதான் முதல் தடவை.

"ஓம் மாமா. நீங்கள் நல்ல ஆளெண்டு சொன்னவ."

திங்களன்று மன்றத்தில் மாமா எழுந்து, தன்னை நல்லவர் என்று சொன்னதற்காகச் சித்திக்கு நன்றி கூறினார். மொழிபெயர்ப்பாளர் கடமை தவறாதவர். ஒரு சொல் விடாமல் டேனிஷில் சொன்னார். எதிரே இருந்த அரசுத் தரப்பு வழக்கறிஞர் பேனையைக் கீழே வைத்தாராம். சித்தி அந்த வழக்கிலிருந்து விலகினார்.

வீட்டுக்கு வந்தவர் மேலங்கியைக் கழற்றாமலே என் முன்னால் குந்தினார்.

"அந்த மாமாவோடை என்னைப் பற்றி ஏதும் கதைச்சனியோ?"

"நை," என்றேன். இல்லை என்பதை டேனிஷில் சொல்வது இலகுவாக இருந்தது.

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"நை."

அம்மா பணியாரத்துக்காக ஏசினார். சித்தி மேசையடியில் அமர்ந்து இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினார். இவ்வளவோடு போயிற்றே என்று நான் நிம்மதியாகப் படுத்தேன். அந்தப் பதவி வேறொருவருக்குப் போனது. மூன்று ஆண்டுகள் கழித்து, வேறு ஊரில்தான் சித்திக்கு நியமனம் கிடைத்தது.

சென்ற கோடையில் அவர் வீடு மாறியபோது, பெட்டி கட்டப் போன என் கையில் இந்தப் பிரதி அகப்பட்டது. கடைசி வரி: "வீட்டிலிருந்த பிள்ளை தான் எதுவும் சொல்லவில்லை என்கிறாள். அவளை நான் நம்புகிறேன்." கீழே முழுப் பெயரோடு கையொப்பம். அப்படி ஒரு வரியின் கீழ் தன் பெயரை இடுவதற்குச் சித்தியின் தொழிலில் என்ன பொருள் என்று பத்து வயதில் எனக்குத் தெரியாது. பணியாரம்தான் குற்றம் என்று நினைத்திருந்தேன்.

கடிதம் நியமனக் கோப்பில் சேர்ந்ததா என்பதை நான் சரிபார்க்கவில்லை. சித்தி என்னை உண்மையில் நம்பினாரா என்பதையும் சரிபார்க்கவில்லை. முதலாவதைச் சொல்லக்கூடியவர் யாரென்று தெரியாது. இரண்டாவதைச் சொல்லக்கூடியவர் ஞாயிறுதோறும் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார்.